பிஸ்டனைத் துடைக்காதீர்கள்

"தம்பி, பழைய பிஸ்டன் எங்கீங்க?" என்றார் மேஸ்திரி.

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை. பல வருடங்களுக்கு முந்தைய கதை. என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் சிலிண்டர் பிளாக்கையும், புதிதாக வாங்கிய பிஸ்டன் கிட்டையும் அவர் மேஜைமேல் வைத்திருந்தேன். அப்போது அது ரோட்டு வண்டியாக இல்லை. மட்கார்டை வெட்டி, மண்ணைக் கவ்வும் கட்டை டயர் மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மண் தடத்தில் குதிக்கவிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை இன்ஜின் ஜாம். முதல் முறை வேறொரு பட்டறையில் சிலிண்டரைக் குடைந்து 'போர்' அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு வாங்கியது முந்நூறு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை.

முதல் பிஸ்டனை எறிந்துவிட்டேன். இரண்டாவது, டூல் பைக்குள் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். பெட்ரோலில் கழுவி, எமரி பேப்பரால் தேய்த்து, பளபளவென்று வைத்திருந்தேன். மேஸ்திரி முகம் சுருங்கியது.

"செத்தவனைக் குளிப்பாட்டிப் பொட்டு வெச்சுக் கொண்டாந்து, எதுல செத்தான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றதுங்க?"

அன்றைக்கு அவரிடம் கற்றதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் போனால், பெரும்பாலும் குற்றவாளி பிஸ்டன் அல்ல. அது அடிபட்டவன். அடித்தவன் வேறெங்கோ இருக்கிறான்: ஒரு ஜெட்டில், ஒரு சீலில், ஒரு காற்று வடிகட்டியில். அவனை விட்டுவிட்டுப் புதுப் பிஸ்டன் போடுவது, அடுத்த ஆளையும் அதே அடிக்கு அனுப்புவதுதான்.

இந்த வகை இன்ஜினில் பிஸ்டனின் பிழைப்பு ஏன் இவ்வளவு கஷ்டமானது என்று முதலில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜோசப் டே என்பவர், பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையையே காற்றும் எரிபொருளும் தள்ளும் பம்பாக மாற்றினார். அவருடைய முதல் இன்ஜின்கள் 1889-ஐ ஒட்டி வந்தவை. அவரிடம் வேலைபார்த்த ஃபிரடெரிக் காக் அதை இன்னும் சுருக்கி, இருந்த வால்வுகளையும் கழற்றிவிட்டு, பிஸ்டனின் பக்கவாட்டையே வாசல்களைத் திறந்து மூடும் கதவாக்கினார். அன்றிலிருந்து பிஸ்டன் தலையில் நெருப்பைச் சுமக்கிறது, வயிற்றால் பம்பு ஓட்டுகிறது, இடுப்பால் கதவைத் திறந்து மூடுகிறது. நான்கு வீச்சு இன்ஜினில் இந்த வேலைகளைப் பங்கு போட்டுக்கொள்ள வால்வு, கேம், ஆயில் பம்பு என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அங்கே இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. நடுவில் மூச்சு வாங்க ஒரு சுற்று கிடைக்கும். இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பு. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் ஓடும் ஆர்எக்ஸ் 100-இல், நொடிக்கு 125 வெடிப்பு.

மோட்டோகிராஸ் வண்டிகளின் கணக்கு இன்னும் கொடூரம். யமஹா ஒய்இசட் 125-இல் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 54.5 மி.மீ. நிமிடத்துக்கு 11,000 சுற்றில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். பஸ் வேகம்தானே என்று தோன்றும். அந்த பஸ் நொடிக்கு 366 முறை நின்று திரும்ப வேண்டும். இந்த மாதிரிப் போட்டி வண்டிகளின் பிஸ்டன் ஆயுளைக் கிலோமீட்டரில் சொல்வதே இல்லை. மணிக்கணக்குதான், அதுவும் சில பத்து மணி நேரம்.

அடுத்து வெப்பம். அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். பிஸ்டனுக்காகச் சிலிக்கான் கலந்த அலுமினியம் 577 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். எரியும் வாயுவோ 2,000 டிகிரிக்கு மேல். பிஸ்டன் பிழைத்திருப்பதற்கு ஒரே காரணம், வாங்கும் வெப்பத்தை அப்போதைக்கப்போது கைமாற்றிவிடுவதுதான். ரிங் வழியாகவும் பக்கவாட்டு வழியாகவும் சிலிண்டர் சுவருக்குக் கொடுக்கிறது. மீதியை, கீழிருந்து வரும் குளிர்ந்த பெட்ரோல் கலவை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கைமாற்று எங்கே தடைப்பட்டதோ, அங்கே பிஸ்டனில் தழும்பு விழும். தழும்பு விழுந்த இடத்தைப் பார்த்து, தடை எங்கே என்று பின்னோக்கிப் போவதுதான் நோய் கண்டறிதல். லேத் மேஸ்திரிகள் செய்வது இதைத்தான். அவர்கள் அதற்கு இவ்வளவு பெரிய பெயர் வைப்பதில்லை.

சரி, தழும்புகளுக்கு வருவோம்.

பிஸ்டனை வட்டமான பொருள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வட்டமல்ல. ஆர்எக்ஸ் 100-இன் 50 மி.மீ. பிஸ்டன் நூறு டிகிரி சூடேறினால், அதன் விட்டம் ஏறத்தாழ 0.1 மி.மீ. கூடும். ஆனால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடுவதே நூறில் நான்கைந்து பங்கு மி.மீ.; ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. வார்ப்பிரும்புச் சிலிண்டர் அதே சூட்டில் அலுமினியத்தைப் போலப் பாதிதான் விரியும். அதனால் நெருப்பு படும் தலைப்பக்கம் சிறுத்தும், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் கஜ்ஜன் பின் போகும் திசையில் ஒடுங்கிய நீள்வட்டமாகவும் பிஸ்டனைக் கடைகிறார்கள். சூடேறி விரிந்த பிறகுதான் அது உருளையாகிறது. குளிர்ந்த நிலையில் அது ஓர் உத்தேச வடிவம்.

காலையில் கிக்கரை உதைத்த கையோடு முறுக்கிப் பிடித்துப் பறப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். மெலிந்த பிஸ்டன் நொடிகளில் சூடாகி விரிந்துவிடும். கனமான சிலிண்டர் சூடாவதற்கு நிமிடங்கள் வேண்டும். விரிந்த பிஸ்டன், விரியாத சிலிண்டரில் இறுகும். அப்போது பக்கவாட்டின் மெல்லிய நடுப்பகுதி கொஞ்சம் வளைந்து கொடுத்துவிடும். கஜ்ஜன் பின்னைத் தாங்கும் தடித்த பகுதிகளின் ஓரம் வளையாது. ஆகவே பின்னின் இரு முனைக்கும் இருபுறமாக, மொத்தம் நான்கு இடங்களில், நெட்டாகக் கீறல் விழும். நாலு மூலையிலும் கீறல் இருந்தால் சூடேற்றாமல் ஓட்டியது, அல்லது போர் அடித்தவர் இடைவெளியைக் கஞ்சத்தனமாக விட்டது. இரண்டில் எது என்பதற்கு ஃபீலர் கேஜ் பதில் சொல்லும். தண்ணீர்க் குளிர்ச்சி உள்ள பெரிய வண்டிகளும் தப்புவதில்லை. ரேடியேட்டரில் சூடேறாத தண்ணீர் நிற்கும்போதே ஸ்டார்ட் கோட்டில் போய் முறுக்கினால், முதல் திருப்பத்துக்குள் இதே நான்கு கோடுகள்.

கீறல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால் அது வேறு கதை. சைலன்சர் வாசல் இருக்கும் பக்கம்தான் பிஸ்டனில் மிகச் சூடான பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் எரிந்த வாயு அந்தப் பக்கத்தை உரசிக்கொண்டு வெளியேறுகிறது. வெப்பத்தைக் கைமாற்றச் சுவர் வேண்டும். அங்கே சுவருக்குப் பதில் ஓட்டைதான் இருக்கிறது. இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாக எரியத் தொடங்கினால் முதலில் எண்ணெய்ப் படலம் கிழிவது அங்கேதான். சூடாக எரிவதற்கு முதல் காரணம் 'லீன்': காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாதது. பெட்ரோல் எரிபொருள் மட்டுமல்ல, ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி உள்ளே குளிர்விக்கும் திரவமும்கூட. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் பிரீமிக்ஸ் வண்டியில் எண்ணெயும் அதோடுதான் வருகிறது. மெயின் ஜெட் சின்னதாக இருந்தாலோ, மிதவைக் கிண்ணத்துக்கு வரும் குழாயில் அடைப்பு இருந்தாலோ பெட்ரோலும் குறையும், குளிர்ச்சியும் குறையும், எண்ணெயும் குறையும். மூன்று அடி ஒரே இடத்தில்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒருமுறை ஜாம் ஆனவர்கள் உடனே செய்வது, 2டி ஆயிலைக் கூடுதலாக ஊற்றுவது. நானும் செய்தேன். லிட்டருக்கு 25 மி.லி. போட்டுக்கொண்டிருந்தவன், பயந்துபோய் 50 மி.லி. ஊற்றினேன். ஜெட்டின் ஓட்டை அதே அளவுதான். அதன் வழியே போகும் திரவத்தில் எண்ணெயின் பங்கு ஏறினால் பெட்ரோலின் பங்கு இறங்கும். திரவம் கெட்டியாவதால் ஓட்டமும் கொஞ்சம் குறையும். அதாவது, லீனாக ஓடிய வண்டியை இன்னும் லீனாக்கியிருக்கிறேன். எண்ணெய் விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் மாற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் இரண்டாவது ஆயில் பாக்கெட்டைச் சந்தோஷமாக விற்றார்.

மலை இறக்கத்தில் ஜாம் ஆகும் வண்டிகளின் மர்மமும் இதுவே. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டு, கியரிலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கிறோம். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது. உள்ளே போவதோ ஐடில் ஜெட்டின் சொட்டுகள் மட்டும். பிரீமிக்ஸ் வண்டிக்கு அது பட்டினி இறக்கம். பழைய ஓட்டிகள் இறக்கத்தில் அவ்வப்போது ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு விடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அலட்டல் போலத் தெரியும். அவர்கள் பிஸ்டனுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். இன்னொன்று: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே நன்றாக ஓடும்படி சின்ன ஜெட் போட்டுக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் இறங்கி முழு வேகத்தில் விரட்டினால், அடர்ந்த காற்றுக்கு அந்த ஜெட் போதாது.

எக்ஸாஸ்ட் பக்கம் இல்லாமல், கார்புரேட்டர் பக்கம் மட்டும் கீறல் இருந்தால்? அது குளிர்ச்சியான பக்கம். சூட்டால் அங்கே முதலில் பிடிக்காது. அங்கே எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஆயில் கலக்க மறந்தது, கலந்ததைக் குலுக்காமல் விட்டது, ஆற்றைக் கடக்கும்போது வடிகட்டி வழியாகத் தண்ணீர் புகுந்து எண்ணெயைக் கழுவிவிட்டது. கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிஸ்டன் ஒப்புக்கொள்ளும்.

சுற்றிலும் இடம் விடாமல் கீறியிருந்தால் மொத்த இன்ஜினும் வெந்துபோனது என்று பொருள். ஆஸ்திரியாவில் ஐசனெர்ட்ஸ் என்ற ஊரில் எர்ட்ஸ்பெர்க் என்று ஓர் இரும்புத்தாது மலை இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கம். 1995 முதல் அங்கே நடக்கும் பந்தயத்தில் இறுதி நாளன்று 500 பேர் அந்தச் சுரங்கப் படிகளில் வண்டியோடு ஏறுவார்கள். இந்தக் காலத்திலும் அங்கே முன்னால் நிற்பவை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்குகள். எடை குறைவு, கீழ் வேகத்தில் இழுவை. ஆனால் பாறைகளுக்கு நடுவே நடை வேகத்தில் கிளட்சை அரைத்துக்கொண்டு ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது. அதனால் இந்த ரக வண்டிகளில் கார்போல மின்விசிறி மாட்டுகிறார்கள். காற்றுக் குளிர்ச்சி ஆர்எக்ஸுக்கு அந்த வசதி இல்லை. பிளாக்கின் இறக்கைகளுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் சேற்றைச் சுரண்டி எடுப்பதுதான் நம்மால் முடிந்த ரேடியேட்டர் பராமரிப்பு.

இதுவரை பக்கவாட்டின் கதை. பிஸ்டனின் தலை இன்னொரு மொழியில் பேசும்.

தலையில் நடுவே ஓட்டை, ஓரமெல்லாம் உருகி வழிந்த மெழுகு போல. இது தீப்பொறி வருவதற்கு முன்பே எரியத் தொடங்கியதால் வருவது. சூடாறாத பிளக்கின் முனையோ, கரித்துண்டோ கங்காகச் சிவந்து, கலவையைத் தானே பற்றவைக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும் முழு நேரமும் நெருப்பை எதிர்த்துக்கொண்டு ஏறுகிறது. சில நொடிகளில் ஓட்டை விழுந்துவிடும். தவறான பிளக் இதற்குப் பெரிய காரணம், அதில் ஒரு குழப்பமும் உண்டு: என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், போஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான பிளக். கடையில் 'கொஞ்சம் பெரிய நம்பர் குடுங்க' என்று கேட்டு வாங்கி, நேரெதிராக மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஓட்டை இல்லை, ஆனால் தலையின் ஓரத்தில் ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாகப் பள்ளங்கள் என்றால் அது டெட்டனேஷன். பிளக் பற்றவைத்த நெருப்பு பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் நெருக்கப்பட்ட மீதிக் கலவை பொறுமையிழந்து ஒரே நேரத்தில் வெடித்துவிடுவது. உலோகத்தின்மேல் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குளிர்வாயுப் படலத்தை அந்த அதிர்ச்சி அலை துடைத்தெறிகிறது. காப்புப் போர்வை போனதும் நெருப்பு நேரடியாகச் சுடுகிறது. காதில் 'கிலுகிலு' என்று கேட்குமே, அது இதுதான். ஆனால் டூ ஸ்ட்ரோக்கின் இரைச்சலில் பல நேரம் கேட்பதில்லை. ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றியவர்களும், இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளியவர்களும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த ஓரம். அடி தொடர்ந்தால் பள்ளத்தோடு நிற்காது; ரிங் உட்காரும் வரப்பு நசுங்கி ரிங்கைக் கவ்விக்கொள்ளும், அல்லது உடைந்தே போகும்.

ரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கு வரும் மரியாதை அதற்குக் கிடைப்பதில்லை. வெட்டு விட்டு, தன் சுருள் விசையால் சுவரை அழுத்தும் வளையத்துக்கு ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில் இன்ஜின் பொறியாளர் 1852-இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் ரிங் சுவரை அடைப்பது சுருள் விசையால் மட்டும் என்று நினைத்தால் தவறு. அழுத்தப்பட்ட வாயு ரிங்கின் பின்னால் பள்ளத்துக்குள் புகுந்து, அதை வெளிப்பக்கமாகவும் கீழ்ப்பக்கமாகவும் தள்ளுகிறது. திருடனையே காவலுக்கு வைப்பது மாதிரி. தப்பிக்கப் பார்க்கும் வாயுவே கதவை இறுக்கிப் பிடிக்கிறது.

இந்த ஏற்பாடு கெடுவதற்குப் பல வழிகள். பள்ளத்தில் கரியும் எண்ணெய்ப் பிசினும் சேர்ந்து ரிங் ஒட்டிக்கொண்டால் வாயு பின்னால் புக முடியாது. பந்தயக்காரர்கள் ஒரு காலத்தில் உயிராக நினைத்த ஆமணக்கு எண்ணெய்க்கு இந்தக் குணம் உண்டு. சூட்டில் உலோகத்தைக் கைவிடாது, ஆனால் கோந்துபோலப் பிசினை விட்டுவிட்டுப் போகும். காஸ்ட்ரோல் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-இல் வந்ததுதான். ரிங் ஒட்டியதன் அடையாளம், ரிங்குக்குக் கீழே பிஸ்டன் பக்கவாட்டில் பழுப்பும் கறுப்புமாக வழிந்திருக்கும் தீய்ந்த கறை. தப்பிய வாயு எழுதிவிட்டுப் போன கையெழுத்து அது. ரிங் ஒட்டாமலே தேய்ந்திருந்தாலும் இதே கறை வரும். பிரித்துச் சொல்ல ஒரு சோதனை போதும். ரிங்கைக் கழற்றி வெறும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 50 மி.மீ. போருக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. வரை புது ரிங்கின் கணக்கு. அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் திறந்திருந்தால் ரிங் வாழ்ந்து முடித்துவிட்டது. இடைவெளி அறவே இல்லாமல் போட்டாலும் கேடுதான். சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு, நடுவில் இருக்கும் சின்னப் பின்னை நசுக்கிப் பிடுங்கிவிடும்.

அந்தச் சின்னப் பின் எதற்கு? நான்கு வீச்சில் ரிங் இஷ்டத்துக்குச் சுழலலாம். இங்கே சுவரெல்லாம் வாசல்கள். வெட்டுமுனை ஒரு வாசலுக்கு நேரே வந்தால், ஜன்னலில் சேலை மாட்டிக்கொண்டதுபோல் முனை வெளியே துருத்தி, விளிம்பில் சிக்கி உடையும். அதனால் வாசல் இல்லாத இடத்தில் முனைகள் நிற்கும்படி பின் அடித்துப் பூட்டிவைக்கிறார்கள். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். மாற்றிப் போட்டால் முனை போய் எக்ஸாஸ்ட் வாசலில் நிற்கும். முதல் உதையிலேயே சத்தம் கேட்கலாம்.

நம் ஊரில் ஆர்எக்ஸுக்குப் 'போர்ட்டிங்' செய்வது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. சின்னக் கிரைண்டரால் வாசலை அகலமாக்கி, உயரமாக்கி, வேகம் கூட்டுவது. அதில் வித்தகர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வாசலைச் சீவியபின் அதன் விளிம்பைச் சாய்த்து மழுக்காமல் விட்டவர்களின் சிலிண்டரில் உடைந்த ரிங் துண்டுகளைப் பொறுக்கியிருக்கிறேன். வாசலுக்குள் சற்றே பிதுங்கும் ரிங்கை ஒரு சாய்வு மெதுவாக உள்ளே தள்ள வேண்டும்; கத்தி முனை வெட்டத்தான் செய்யும். ரிங் உடைந்த பிஸ்டனின் தலையில் சம்மட்டியால் அடித்ததுபோன்ற குழிகள் இருக்கும், ஹெட்டிலும் அதே குழிகள். டெட்டனேஷனின் பொடிப் புள்ளிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவை பெரியவை, முனை கூர்மையானவை, சிலவற்றில் துண்டே புதைந்திருக்கும்.

கஜ்ஜன் பின்னின் முனைக்கு நேராகச் சிலிண்டரில் வாய்க்கால் வெட்டியதுபோல் ஒற்றைப் பள்ளம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பின்னை நகராமல் பிடிக்கும் லாக் கழன்றிருக்கிறது. ஒருமுறை கழற்றிய லாக்கை மறுபடி போடாதீர்கள்.

மண் தடத்தின் தனி நோய் தூசு. மண்ணில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினம். வடிகட்டி ஃபோமில் எண்ணெய் தடவாமல் விட்டாலோ, அது பெட்டியில் சரியாக உட்காராவிட்டாலோ, மண் நேராக உள்ளே. இதில் வெடிச்சத்தமும் இல்லை, ஜாமும் இல்லை. கார்புரேட்டர் பக்கப் பிஸ்டன் மேற்பரப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும், கடைசல் கோடுகள் மறைந்து வழவழப்பாகும், கிக்கர் நாளுக்கு நாள் லேசாகும். ஓட்டுகிறவர் 'வண்டி நல்லா ஃப்ரீ ஆயிடுச்சு' என்று மகிழ்வார். டூ ஸ்ட்ரோக்கில் காற்று முதலில் போவது கிராங்க் அறைக்குள். ஆகவே அந்த மண் பிஸ்டனோடு நிற்காமல் கனெக்டிங் ராடின் பேரிங்கையும் தின்றிருக்கும். தூசால் தேய்ந்த இன்ஜினுக்குப் பிஸ்டன் மட்டும் மாற்றிக் கொடுப்பது பாதி வேலை. தேய்ந்து தளர்ந்த பிஸ்டன் ஆடி ஆடி, பக்கவாட்டின் கீழ்ப்பகுதி விரிசல் விட்டு உதிர்ந்து கிராங்குக்குள் விழுவதும் உண்டு.

இப்போது புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் பெட்ரோல் பங்குகளுக்கு வந்த, எத்தனால் கலந்த பெட்ரோலான இ20. எத்தனாலில் ஆக்ஸிஜன் தானே இருக்கிறது; ஆகவே அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று கணக்கு என்றால், இ20-க்குப் பதின்மூன்றரைதான். பழைய ஜெட்டோடு ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக், ஒரு பாகத்தையும் தொடாமலே ஏறத்தாழ எட்டு சதவீதம் லீனாகியிருக்கிறது. பத்து வருடமாக நன்றாக ஓடிய வண்டிக்கு இப்போது திடீரென்று எக்ஸாஸ்ட் பக்கம் கீறல் விழுந்தால், நான் முதலில் ஜெட்டைத்தான் பார்ப்பேன். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் கேனில் நின்ற கலவையை நம்பி ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டாம்.

மேஸ்திரியிடம் திரும்புவோம். நான் கழுவி வைத்திருந்தாலும் பிஸ்டனின் அடிவயிற்றை எமரி தொடவில்லை. அவர் அதைக் கவிழ்த்து டார்ச் அடித்தார். தலையின் உட்புறத்தில், நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். அங்கே தெறிக்கும் எண்ணெய் சாதாரணமாக வெளிர் பழுப்பாக நிற்கும். கரியாகத் தீய்ந்திருந்தால் தலை அளவுக்கு மேல் சூடானது என்று பொருள். கீறல்கள் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும். பிளக்கைக் கேட்டார், நல்லவேளை, அதைக் கழுவவில்லை. சுண்ணாம்பு வெள்ளை.

"நிக்கறப்ப ஆக்ஸிலரேட்டர விட்டும் ரேஸ் எறங்காம அப்பிடியே நின்னுச்சுங்களா?"

நின்றது. ஒரு மாதமாக. ஐடில் திருகை நான் தினமும் குறைத்துக்கொண்டே இருந்தேன்.

அவர் போர் அடிக்கவில்லை. வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். பழைய பிளாக்கையே தற்காலிகமாக மாட்டி, கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பரால் அடைத்து, பிளக் ஓட்டையில் ஒரு குழாயைச் செருகினார். மறுமுனையில் டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. பல்பை அமுக்கி முள்ளை 300-க்கு ஏற்றினார். 300 மி.மீ. பாதரசம் ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ; கிராங்க் அறையைச் சோதிக்க உலகமெங்கும் மெக்கானிக்குகள் வைக்கும் அழுத்தமும் அதுதான். நல்ல இன்ஜின் நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐ கூட இழக்காது. என் வண்டியில் முள் கண்ணெதிரே சரிந்தது. மேக்னெட்டைக் கழற்றி, பின்னால் சோப்புத் தண்ணீர் தடவினார். கிராங்கின் இடது சீலைச் சுற்றிக் குமிழ் குமிழாக வந்தது.

அந்த வழியாகத்தான் கணக்கில் வராத காற்று உள்ளே போயிருக்கிறது. கார்புரேட்டர் எவ்வளவு சரியாக அளந்து கொடுத்தாலும், பின்வாசலால் நுழையும் காற்றுக்குப் பெட்ரோல் கிடையாது. வலது சீல் போயிருந்தால் எளிதில் தெரிந்திருக்கும். அது கிளட்ச் பக்கம், கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாக விடும், ஆயில் மட்டம் இறங்கும். இடது சீல் சத்தமில்லாமல் கொல்லும். முதல் பட்டறையில் என் பிஸ்டனை மாற்றியவர்கள் அந்தச் சீலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்கள் போட்ட பிஸ்டனில் குறையில்லை, அடித்த போரிலும் குறையில்லை.

சீல் மாற்றினார். பிறகுதான் 0.50 ஓவர்சைஸுக்குப் போர். வார்ப்பிரும்பு லைனர் இருந்ததால் இன்னும் இரண்டு வாய்ப்பு மிச்சம் என்றார். இன்றைய மோட்டோகிராஸ் சிலிண்டர்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. 1967-இல் மாலே நிறுவனம் வான்கெல் இன்ஜினுக்காக உருவாக்கிய நிகாசில் பூச்சு அவற்றின் உள்ளே இருக்கிறது. நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த மெல்லிய தோல். அதைப் போர் அடித்தால் தோல் போய்விடும். பல நேரம் பிஸ்டனின் அலுமினியம்தான் அதன்மேல் அப்பியிருக்கும், பூச்சு உள்ளே நன்றாகவே இருக்கும். தெரிந்த கை அந்த அப்பலை மட்டும் அமிலத்தால் எடுத்துவிடும். தெரியாத கை புதுச் சிலிண்டர் வாங்கச் சொல்லும்.

உங்கள் வண்டி ஜாம் ஆகிப் பட்டறைக்குப் போனால், ஹெட்டைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பிஸ்டன், ரிங், பிளக் மூன்றையும் கழுவாமல், துடைக்காமல், எந்தப் பக்கம் சைலன்சர் என்று மார்க்கரால் குறித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'இது ஏன் போச்சுங்க?' என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் புதுப் பிஸ்டனின் விலையைச் சொன்னால், பையை எடுத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.